பழைய ஐரோப்பிய 'வயது வந்தோருக்கு மட்டும்' படங்களில் எதற்கு அவ்வளவு அழுகையும் சாவும்? கதை வெறும் சாக்குதானே? பிறகு அந்தக் கதையும் ஏன் காணாமல் போனது?

சாக்கு என்பது பாதி உண்மை. மீதிப் பாதிக்காகத்தான் இந்தப் பதில்.

அந்தச் சாக்கு எங்கிருந்து வந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். 1960களில் இந்தப் படங்களை விரும்பி வாங்கிய பெரிய சந்தை அமெரிக்கா. 'சமூக மதிப்பு துளியும் இல்லாததுதான் ஆபாசம்' என்ற அளவுகோலை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1957இலும் 1966இலும் தந்த தீர்ப்புகள் நிலைநிறுத்தின. அதனால் படத்தில் ஒரு காதல், ஒரு துரோகம், ஒரு மரணம் இருந்தால் வக்கீலுக்கு வாதாட ஒரு பிடி கிடைத்தது. பெயர்பெற்ற நாவலின் தழுவல் என்றால் அந்தப் பிடி இன்னும் வலுவானது.

ஆனால், சாக்குக்காக எடுத்த கதை இவ்வளவு நன்றாக இருக்க வேண்டிய அவசியமில்லையே! ராட்லி மெட்ஸ்கர் 1969இல் இயக்கிய 'கமீல் 2000' படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மெட்ஸ்கர் அமெரிக்கர். ஐரோப்பியப் படங்களை வாங்கித் தன் ஆடுபான் பிலிம்ஸ் மூலம் வெளியிட்டு வந்தவர், பிறகு ஐரோப்பாவுக்கே போய்ப் படம் எடுத்தார். இந்தப் படத்தின் களம் ரோம். கதை, அலெக்சாண்டர் டூமா மகனின் 1848ஆம் ஆண்டு நாவல். இத்தாலிய இசையமைப்பாளர் வெர்டியின் 'லா திராவியாத்தா' என்ற ஆபெராவுக்கும் (இசை நாடகம்) அதுதான் மூலம். பணக்காரர்களின் தயவில் வாழும் மார்கரித், அவளை உண்மையாகவே நேசிக்கும் அர்மான். நாவலில் அவளை அரித்தது காசநோய், இங்கே போதை.

கல்லூரி நாட்களில் விடுதி அறையில் நாங்கள் ஐந்து பேர் இதைப் பார்த்தோம். எதை எதிர்பார்த்து உட்கார்ந்தோம் என்று சொல்ல வேண்டியதில்லை. அவளுடைய அறையில் கண்ணாடிகள், காற்றடைத்த பிளாஸ்டிக் நாற்காலிகள். எல்லாவற்றின் வழியாகவும் எல்லாமே தெரிகிறது. மறைவு என்று ஒன்றே இல்லாத அந்த வீட்டில்தான், அர்மானின் தகப்பனாருக்காக அவனை விட்டு விலகுகிற காரணத்தை மட்டும் அவள் மறைக்க வேண்டி வருகிறது. எங்கள் அறையில் அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை. காரணம் தெரியாத அர்மான் எல்லோர் முன்னிலையிலும் அவளை அவமானப்படுத்தும்போது, முன்பு பார்த்த நெருக்கமான காட்சிகள்தான் நெஞ்சை அறுக்கின்றன. அவர்கள் எவ்வளவு நெருங்கியிருந்தார்கள் என்று நமக்குத் தெரியுமே! நம்மூர்ப் 'பிட்டு' வேறு: கதைக்குச் சம்பந்தமில்லாத துண்டை நடுவில் ஒட்டுவது. இங்கே அந்தக் காட்சியை வெட்டினால் அழுகையும் வெட்டுப்படும். நான் இந்தப் படங்களை மதிப்பது இதற்காகத்தான்.

இயக்குநர் வலேரியன் போரோவ்சிக்கின் 'லா மார்ஜ்' (1976) இன்னும் கனமானது. வேலையாகப் பாரிஸ் வந்த ஒருவன், ஊரில் மனைவியும் மகனும் இறந்த சேதிக்குப் பிறகும் ஒரு விலைமகளிடம் போய்க்கொண்டிருக்கிறான். துக்கத்தை எங்கே வைப்பது என்று தெரியாத மனிதன் அவன். அந்தப் பெண்ணாக நடித்த சில்வியா கிறிஸ்டலை 1974இல் வந்த 'எம்மானுவேல்' வழியாகத்தான் உலகம் அறியும். அந்தப் படம் பாரிஸில் வருடக்கணக்கில் ஓடியது. எனக்கு அவருடைய முகத்தின் அருமை புரிந்தது 'லா மார்ஜ்' பார்த்த பிறகுதான்.

ஒன்றைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. 1972இல் வந்த 'லாஸ்ட் டாங்கோ இன் பாரிஸ்' படத்தின் ஒரு வன்முறைக் காட்சியில் மரியா ஷ்னைடர் அழுகிறார். அப்போது அவருக்கு வயது 19. அதில் என்ன நடக்கப்போகிறது என்பதை முழுதாக முன்கூட்டிச் சொல்லவில்லை, அந்தக் கண்ணீர் நிஜம் என்று பின்னாளில் அவரே சொன்னார். சொல்லாமல் மறைத்ததை இயக்குநர் பெர்ட்டொலூச்சியும் ஒப்புக்கொண்டார். எழுதி நடித்த சோகம் வேறு, ஒரு பெண்ணிடமிருந்து பிடுங்கிய கண்ணீர் வேறு. அந்தப் படத்தை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை.

இனி, கதை ஏன் காணாமல் போனது என்ற கேள்வி. பிரான்ஸில் 1975 டிசம்பர் 30 அன்று வந்த சட்டம் ஆபாசப் படங்களுக்கென 'எக்ஸ்' என்ற தனி வகையை உருவாக்கி, கூடுதல் வரி விதித்து, அந்தப் படங்களைத் தனித் திரையரங்குகளுக்குள் ஒதுக்கியது. அரசு உதவிப் பணமும் நின்றது. கையில் காசில்லாத தயாரிப்பாளர் முதலில் கைவைத்தது திரைக்கதையில். பிறகு வீடியோ கேசட் வந்தது. பிடித்த இடத்துக்கு ஓட்டிப் பார்க்க ரிமோட் கையில் இருக்கிறவருக்கு மார்கரித் ஏன் பிரிந்து போனாள் என்று தெரிய வேண்டியதில்லை.