குளம் யாருது, ரோடு யாருது, கம்பம் யாருது? – கேள்வி பதில்

ஊராட்சி ஒன்றிய அலுவலகத்துல வேலை பார்த்து ஓய்வு பெற்றவனுங்க. உள்ளாட்சி, மாநிலம், மத்திய அரசுனு எது யார் பொறுப்புனு கேளுங்க. கோர்ட் கேஸ் மட்டும் வேண்டாம், அது வக்கீல் வேலை.

அன்னூர் விவசாயி: எங்கூர்க் குளத்துல வண்டல் எடுக்கோணும். ஒன்றியத்துல கேட்டா பொதுப்பணித்துறைங்கறாங்க, அங்க போனா ஒன்றியத்தைக் கை காட்டறாங்க.

பதில்: ஆயக்கட்டு, அதாவது குளத்துத் தண்ணி பாயற நெலம், 100 ஏக்கருக்கு (40 ஹெக்டேர்) கொறஞ்சிருந்தா ஒன்றியக் குளம். அதுக்கு மேலன்னா நீர்வளத்துறை. சர்வே நம்பரோட விஏஓகிட்ட (கிராம நிர்வாக அலுவலர்) போய் ‘அ’ பதிவேடுங்கற நிலக் கணக்கைப் பாருங்க. (விஏஓ ஊராட்சி ஆள் இல்லைங்க, வருவாய்த்துறை. தலைவர்கிட்டப் போய் அவரைப் பத்தி சண்டை போடறதுல புண்ணியமில்லை.) குளம் யாருதா இருந்தாலும் மண்ணு கனிமக் கணக்குல வரும். விவசாயத்துக்கு வண்டல் எடுக்க 2024ல இருந்து தாசில்தாரே அனுமதி தரலாம்.

இன்னொண்ணு. அத்திக்கடவு–அவினாசித் திட்டம் 1,045 குளம் குட்டைகளுக்குத் தண்ணி விடறதுக்கு. முழுக்க மாநிலப் பணம், 2024 ஆகஸ்ட்ல தொறந்தாங்க. நீர்வளத்துறை தண்ணி விடுதுங்கறதுக்காக ஒன்றியக் குளம் அவிங்களுது ஆயிராது. கரை உடைஞ்சா ஒன்றியத்து பிடிஓவத்தான் (வட்டார வளர்ச்சி அலுவலர்) புடிக்கோணும். மனுக் குடுத்தா ஒப்புகைச் சீட்டு வாங்காம வெளிய வராதீங்க.

பல்லடம்: தெருவிளக்கு எரியலீங்க. ஈபியா, ஊராட்சியா?

பதில்: கம்பமும் கம்பியும் ஈபி. விளக்கு ஊராட்சி. மனுவுல கம்பத்து நம்பர் எழுதுங்க.

காங்கேயம்: ரோடெல்லாம் குழி. எம்பிகிட்டச் சொல்றதா, எம்எல்ஏகிட்டயா?

பதில்: மொதல்ல கிலோமீட்டர் கல்லைப் பாருங்க. தலை மஞ்சளா இருந்தா தேசிய நெடுஞ்சாலை. உங்கூரு வழியா கோவை–கரூர் போற 81 அப்படி. பச்சைன்னா மாநிலம். கல்லே இல்லாத ஊர்ச்சாலைன்னா பெரும்பாலும் ஒன்றியம் இல்லீனா ஊராட்சி. கல்லைப் பாத்துட்டு அந்த ஆபீஸுக்கு எழுதுங்க, சீட்டு வாங்குங்க.

கோபி இளைஞர்: அரசியலமைப்புல 11வது அட்டவணையில ஊராட்சிக்கு 29 அதிகாரம் இருக்குதுங்களே? நீங்க எல்லாத்துக்கும் தாசில்தார், பிடிஓங்கறீங்க.

பதில்: அது அதிகாரமில்லைங்க தம்பி, தலைப்புப் பட்டியல். 73வது திருத்தம் 1993ல அமலுக்கு வந்துச்சு. ஆனா அந்த 29ல எதைக் குடுக்கறது, எவ்வளவு குடுக்கறதுங்கறதை அரசியலமைப்போட 243ஜி பிரிவு மாநில சட்டமன்றத்துக்கிட்ட விட்டிருக்கு. நம்ம தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994ஐப் படிங்க. மக்கள் ஓட்டுப் போட்ட தலைவரை நீக்கற 205வது பிரிவு ஆட்சியர் கையில இருக்கு.

பெருந்துறை: கேரளாவுலயும் அதே அரசியலமைப்புத்தானுங்க. வாளையார் தாண்டினா பஞ்சாயத்து ஆபீஸ் எப்படி இருக்குது!

பதில்: அதைத்தான் சொல்றேன். 1996ல மக்கள் திட்டம்னு ஆரம்பிச்சு, திட்ட நிதியில 35லிருந்து 40 சதவீதம் உள்ளாட்சிக்குன்னாங்க. காசு போன எடத்துக்கு அதிகாரம் தானா போச்சு.

கோபி இளைஞர்: அப்ப தப்பு மாநிலத்து மேல. மத்திய அரசு நேரா பணம் குடுத்தா என்னங்க?

பதில்: நிதிக்குழு மானியம் ஊராட்சிக்குன்னே வருதுங்களே. கூடவே குடிதண்ணிக்கு இவ்வளவு, சுகாதாரத்துக்கு இவ்வளவுன்னு நிபந்தனையும் வருது. டெல்லியும் லேசுப்பட்டதில்லை. மாநில உரிமை பேசறவங்க கோட்டையில நின்னுக்கறாங்க, உங்கூர் ஊராட்சி வரைக்கும் யாரும் வர்றதில்லை. 2025 ஜனவரியில ஊராட்சித் தலைவருங்க பதவிக்காலம் முடிஞ்சப்ப தேர்தல் வரலை, தனி அலுவலர் வந்தாரு. அப்ப எத்தனை பேரு கேட்டீங்க?

பெருந்துறை: நாங்க கேட்டமுங்க!

பதில்: எழுத்துலயா, டீக்கடையிலயா?

சூலூர்: தெருவிளக்கு...

பதில்: மேல பல்லடத்துக்குச் சொன்னதைப் படிங்க.

திருப்பூர் பனியன் கம்பெனி ஊழியர்: சம்பளத்துல புடிக்கற தொழில் வரி டெல்லிக்குங்களா?

பதில்: இல்லைங்க, மாநகராட்சிக்கு. அரையாண்டுக்கு ஒருக்கா. வருசத்துக்கு 2,500 ரூபாய்க்கு மேல புடிக்கக் கூடாது.

பொள்ளாச்சி: ரயில்வே மேம்பாலம் தண்டவாளத்துக்கு மேல மட்டும் நிக்குது, ரெண்டு பக்கமும் எறங்க வழியில்லை.

பதில்: நடுப்பாகம் ரயில்வே கட்டும். அணுகுசாலை மாநில நெடுஞ்சாலைத்துறை. நிலம் எடுக்கறது வருவாய்த்துறை. பெரும்பாலும் நிலத்துலதான் நிக்கும்.

தாராபுரம்: ரேஷன் கார்டுல பேரு...

பதில்: வட்ட வழங்கல் அலுவலர், தாலுகா ஆபீஸ். எனக்கு அந்தப் பக்கம் தெரியாதுங்க.

அவினாசி, ஒரு அம்மா: ஒன்றியத் தொடக்கப் பள்ளியில ஓடு ஒழுகுதுங்க. ஹெட்மாஸ்டர் தன் கையில இல்லைங்கறாரு.

பதில்: அவர் சொல்றது நெசந்தானுங்கம்மா. வாத்தியாருக்குச் சம்பளம் பள்ளிக்கல்வித்துறை, கட்டடம் ஒன்றியத்துது. போட்டோ வெச்சு பிடிஓவுக்கு எழுதுங்க, நகல் வட்டாரக் கல்வி அலுவலருக்கு. நாலு தாய்மாருங்க சேர்ந்தே போங்க. சீட்டு வாங்கிக்குங்க.