ஈராஸ் நம் மேல் விழுமா?

கேள்வி: பாறைச் சிறுகோள் என்கிறார்களே, அது உருண்டையான ஒரே கல்லா? எந்தப் பாதையில் சுற்றுகிறது? பூமி மேல் விழுமா?

பதில்: ஈராஸ் என்ற பாறைச் சிறுகோளைப் பற்றிச் சொன்னால் மூன்றுக்கும் பதில் வந்துவிடும். எனக்கு அது பழைய சிநேகிதம். 2012 ஜனவரி கடைசியில், 2.67 கோடி கிலோமீட்டர் தூரத்தில் அது கடந்தபோது என் சிறிய தொலைநோக்கியில் பார்த்தேன். வெறும் புள்ளிதான். ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தால், பக்கத்து நட்சத்திரத்தை விட்டு நகர்ந்திருந்தது. அன்றைக்குத் தூக்கம் போனது போனதுதான்.

அது உருண்டை இல்லை. நீளம் சுமார் 34 கிலோமீட்டர், குறுக்கே 11. உருண்டையாகத் திரளும் அளவுக்கு அதற்கு ஈர்ப்பு கிடையாது. 1898இல் பெர்லினில் குஸ்தாவ் விட் என்ற வானியலாளர் அதைக் கண்டுபிடித்தார். 1901இலேயே அதன் ஒளி கூடிக் குறைவதைக் கவனித்துவிட்டார்கள். விலாப்புறம் திரும்பினால் பிரகாசம், முனை திரும்பினால் மங்கல். தன்னைத்தானே ஒருமுறை சுற்ற 5 மணி 16 நிமிடம். அதற்குள் ஒளி இரண்டு தடவை ஏறி இறங்கும். புள்ளியாக மட்டுமே தெரிந்த ஒன்று நீளமானது என்பதை இப்படித்தான் கண்டுபிடித்தார்கள். எனக்கு இன்னும் இது ஆச்சரியம்தான்.

2000இல் நியர் ஷூமேக்கர் விண்கலம் போய்ச் சுற்றிப் பார்த்தது. அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 2.67 கிராம், நம் காலடிப் பாறையைப் போலத்தான். உள்ளே விரிசல்கள் உண்டு, ஆனாலும் குப்பையாகக் குவிந்த கற்குவியல் அல்ல. மேலே பள்ளங்கள், பாறாங்கற்கள், தூசு. இங்கே ஓர் அடி எம்பிக் குதிப்பவர் அங்கே அரை கிலோமீட்டருக்கு மேல் போய்விடுவார். இறங்கி வர நிமிடக்கணக்கில் ஆகும்! இறங்குவதற்கென்று செய்யப்படாத அந்தக் கலம் 2001 பிப்ரவரி 12 அன்று அதன்மேல் மெல்ல உட்கார்ந்தது. அப்புறமும் இரண்டு வாரத்துக்கு மேல் தகவல் அனுப்பியது.

சரி, பாதை. சூரியனிலிருந்து 17 கோடி கிலோமீட்டர் வரை நெருங்கி, 26.7 கோடி வரை விலகும் நீள்வட்டம். சுற்றிவர 643 நாள். செவ்வாயின் பாதையைக் குறுக்கிடும். பூமியின் பாதைக்கு வெளியிலேயே திரும்பிவிடும். 1975இல் வந்தபோதுகூட நிலவைப் போல 58 மடங்கு தூரத்தில்தான் இருந்தது. இப்போதைய பாதையில் அது நம்மை இடிக்க வழியே இல்லை.