சப்டைட்டில் வேணும்னா வரணும், வேண்டாம்னா போகணும்: எந்த ஃபைலா கேட்டு வாங்கணும்?

கேள்வி: அண்ணாச்சி, நாங்க அம்பாசமுத்திரம் பக்கம். எங்க தாத்தா நாப்பது வருஷமா வில்லுப்பாட்டுல குடம் அடிச்சவுக. ஊர்ல சுடலைமாடன் கொடைக்கு அவுக கடைசியா உக்காந்து அடிச்சத ரெண்டு கேமரா வச்சு எடுத்தோம், மூணு மணி நேரம் ஓடும். ஆச்சிக்கு காது சுத்தமா கேக்காது, அவுகளுக்கு கீழ தமிழ்ல எழுத்து வரணும். அண்ணன் பிள்ளைய வெளிநாட்டுல வளருதுவ, தமிழ் பேசும், பாட்டுல வர்ற தமிழ் புரியாது, வாசிக்கவும் வராது, அதுகளுக்கு இங்கிலீஷ்ல வரணும். அப்பா எழுத்தே வேண்டாம்ங்காவ, தாத்தா கைய மறைக்குதாம். எடிட்டிங் கடைல கேட்டா மூணு வீடியோவா தனித்தனியா போட்டுத் தாரோம், மூணுக்கும் தனித்தனி ரேட்டுங்காங்க. ஒரே ஃபைல்ல அடக்க முடியாதா? என்ன ஃபார்மட்னு சொல்லிக் கேக்கணும்?

பதில்: முடியும் தங்கச்சி, தாராளமா முடியும். எம்கேவி ஃபைலா குடுங்க, தமிழ் ஒரு சப்டைட்டில் ட்ராக், இங்கிலீஷ் ஒரு சப்டைட்டில் ட்ராக், ரெண்டையும் படத்துமேல பதிக்கக்கூடாதுன்னு சொல்லுங்க, அவ்வளவுதான். ஆச்சி பாக்கும்போது தமிழ, பிள்ளைய பாக்கும்போது இங்கிலீஷ, அப்பா பாக்கும்போது ரெண்டையும் ஆஃப் பண்ணிக்கிடலாம், ரிமோட்லயே.

ஏன் சொல்லுதேன்னா சப்டைட்டில் போடுததுல ரெண்டு வகை இருக்கு. ஒண்ணு எழுத்த படத்தோட சேத்துப் பதிச்சிருதது, கடைக்காரங்க பர்ன் பண்ணுததும்பாங்க, ஹார்ட்சப்னும் சொல்லுவாங்க. அது சுவத்துல பெயிண்ட் அடிச்ச மாதிரி, அதுக்குப் பொறவு எடுக்கவே முடியாது, ஏன்னா அந்த எழுத்து இருக்க இடத்துல அடியில படமே கிடையாது. இன்னொண்ணு எழுத்த தனி ட்ராக்கா படத்துக்குப் பக்கத்துல வச்சு, பாக்கும்போது ப்ளேயரே மேல காட்டுதது, சாஃப்ட்சப். உங்களுக்கு வேண்டியது இதுதான்.

எங்க வீட்டுல நடந்தத சொல்லுதேன், எங்க அத்தை அறுபதாங்கல்யாண வீடியோவ ஒரு கடைல குடுத்தோம், மாப்பிள்ளை வீட்டு ஆளுகளுக்குப் புரியட்டும்னு இங்கிலீஷ் எழுத்து போடச் சொன்னோம், அவங்க பதிச்சுக் குடுத்துட்டாங்க, நாங்களும் கேக்கல, ஒரிஜினல அவங்க அழிச்சும் போட்டாங்க. அத்தை இப்ப இல்ல. அவுக எல்லாருக்கும் விபூதி பூசி விடுத இடத்துல அந்தக் கைமேல ரெண்டு வரி இங்கிலீஷ் ஓடுது, இனி என்ன செஞ்சாலும் அது போகாது. அதனாலதான் உங்கப்பா சொல்லுததுல நியாயம் இருக்குன்னு சொல்லுதேன், குடம் அடிக்கவங்க கை பாக்கதுக்குத்தான அந்த வீடியோவே.

இப்ப ஃபார்மட் விஷயம். ஃபைல் பேருக்குப் பின்னால வருதுல்லா, எம்கேவி, எம்பிஃபோர், ஏவிஐன்னு, அது அடுக்குத் தூக்குச்சட்டி மாதிரி. உள்ள ஒரு அடுக்குல படம், ஒரு அடுக்குல சத்தம், இன்னொரு அடுக்குல எழுத்து. எச்264ங்கது படத்த சுருக்கி வைக்குத முறை, அது உள்ள இருக்க சோறு, தூக்குச்சட்டி இல்ல. அதனால எம்பிஃபோர எம்கேவி ஆக்கணும்னா சோத்த மறுபடி வடிக்க வேண்டாம், சட்டிய மட்டும் மாத்தினா போதும், எம்கேவிடூல்நிக்ஸ்னு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, சில நிமிஷத்துல முடிஞ்சிரும், படத்தோட தரம் ஒரு பொட்டும் குறையாது. மூணு தடவ ரெண்டர் பண்ணணும், அதாவது வீடியோவ முழுசா மறுபடி உருவாக்கணும், அதனால மூணு ரேட்டுன்னு சொன்னா இதச் சொல்லுங்க. ஆனா ஒண்ணு, பாட்டக் கேட்டுக் கேட்டு வரி வரியா டைப் அடிக்குததுதான் உண்மையான வேலை, அதுவும் வில்லுப்பாட்டுல பின்பாட்டுக்காரங்க திருப்பிச் சொல்லுதது, நடுவுல ஆமா போடுததுன்னு நிறைய வரும், அந்த வேலைக்கு ரெண்டு மொழிக்கும் கேக்குத காச மனசாரக் குடுத்துருங்க.

ஏவிஐ மைக்ரோசாஃப்ட் 1992ல கொண்டுவந்தது, சப்டைட்டிலுக்குன்னு முறையான இடமே அதுல கிடையாது, இன்னமும் அதுல எழுதித் தார கடை இருந்தா வேண்டாம்னுருங்க. எம்பிஃபோர்ல எழுத்து ட்ராக் வைக்கலாம், பெரும்பாலும் சாதா எழுத்துதான், ஐபோன்ல ஐபேட்ல அது நல்லா தெரியும், ஆனா டிவில பென்டிரைவ் குத்திப் பாத்தா பல டிவி எம்பிஃபோர் உள்ள இருக்க எழுத்த காட்டாது. எம்கேவி 2002 கடைசில ஆரம்பிச்சது, பேரே மத்ரோஸ்கா, ஒண்ணுக்குள்ள ஒண்ணு இருக்குமே ரஷ்ய பொம்மை, அதுல இருந்து வந்தது. எத்தன படம் எத்தன சத்தம் எத்தன எழுத்து ட்ராக்னாலும் உள்ள போடலாம், எழுத்துக்கு வேண்டிய ஃபான்ட்டக் கூட ஃபைலோட சேத்து வைக்கலாம். எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்ல, 2024 அக்டோபர்ல இன்டர்நெட் தரங்கள வகுக்குத ஐஈடிஎஃப் அமைப்பு இத முறையான தரமா ஆர்எஃப்சி 9559னு வெளியிட்டாச்சு. பேரன் பேத்தி காலத்துக்கும் வைக்கப்போற வீடியோவுக்கு இது பெரிய விஷயம், எப்படித் திறக்கணும்ங்கது எல்லாரும் பாக்குத மாதிரி எழுதி வச்சிருக்கு.

கடைக்காரங்ககிட்ட இன்னும் சில விஷயம் அழுத்திச் சொல்லணும். ஒண்ணாவது, சப்டைட்டில எஸ்ஆர்டி ஃபைலாவும் தனியா கேட்டு வாங்கிருங்க, தமிழுக்கு ஒண்ணு இங்கிலீஷுக்கு ஒண்ணு. அது வெறும் எழுத்து, வரிசை நம்பர், எந்த நேரத்துல இருந்து எந்த நேரம் வரை, அதுக்குக் கீழ வரி, நோட்பேட்ல திறந்து நீங்களே பிழை திருத்தலாம். மூணு மணி நேரத்துக்கும் சேத்து சில நூறு கேபிதான் இருக்கும். இது கைல இருந்தா நாளைக்கு எந்த ஃபார்மட் வந்தாலும் பயமில்ல. ரெண்டாவது, தமிழ யூனிகோடுல அடிக்கணும், யூடிஎஃப்8னு சேவ் பண்ணணும். நோட்டீஸ் அடிக்குத பழக்கத்துல பாமினி மாதிரி பழைய ஃபான்ட்ல அடிச்சுட்டா டிவில தமிழ் வராது, இங்கிலீஷ் எழுத்தா அர்த்தமில்லாம ஓடும், இத நான் நிறைய பாத்திருக்கேன். பொறவு ட்ராக்குக்கு மொழி பேரு குடுக்கச் சொல்லுங்க, இல்லன்னா ரிமோட்ல ட்ராக் ஒண்ணு ட்ராக் ரெண்டுன்னுதான் காட்டும், வீட்டுல யாருக்கும் எது எதுன்னு தெரியாது. எது தானா வரணும்ங்கதயும் செட் பண்ணலாம், உங்க வீட்டுக்கு எதுவுமே தானா வராம வைக்கச் சொல்லுங்க, அப்பாவுக்கு சரியா இருக்கும்.

ஆச்சிக்கான தமிழ் ட்ராக் பத்தி ஒண்ணு சொல்லணும். பாளையங்கோட்டைல காது கேளாத பிள்ளைகளுக்குன்னு நூறு வருஷம் தாண்டின பள்ளிக்கூடம் இருக்கு, அப்படி ஒரு ஊர்க்காரங்க நாம, இது நமக்குத் தெரிஞ்சிருக்கணும்: காது கேக்காதவங்களுக்கு பாட்டு வரி மட்டும் போதாது. உடுக்கை ஆரம்பிக்குது, குடம் தனியா ஒலிக்குது, குலவை போடுதாங்கன்னு சத்தத்தையும் எழுதணும். தாத்தா அடி மாத்துத இடத்த உங்க வீட்டுல தெரிஞ்சவங்க உக்காந்து சொல்லிக் குடுத்து எழுத வைங்க, கடைக்காரப் பையனுக்கு அது தெரியாது. ஆச்சிக்கு அந்த வரி வரும்போது எப்படி இருக்கும்னு நினைச்சுப் பாருங்க.

இனி டிவி. சில டிவில தமிழ் எழுத்து கட்டம் கட்டமா வரும், இல்ல கொம்பு ஒரு பக்கம் எழுத்து ஒரு பக்கமா பிரிஞ்சு வரும். ஃபைல் மேல தப்பில்ல, அந்த டிவில தமிழ் ஃபான்ட் சரியா இல்லங்கதுதான். ஆண்ட்ராய்டு டிவியா இருந்தா விஎல்சின்னு இலவச ப்ளேயர் ஆப் இருக்கு, அத போட்டு அதுல பாருங்க, பெரும்பாலும் சரியாயிரும். அதுக்கும் மசியலன்னா ஆச்சிக்குன்னு மட்டும் தமிழ் பதிச்ச காப்பி ஒண்ணு தனியா எடுத்துக்கிடுங்க, மூலத்த மட்டும் தொடாதீங்க.

பென்டிரைவ் விஷயத்துலயும் கவனம். பென்டிரைவ் ஃபேட்32ங்க முறைல இருந்தா ஒரு ஃபைல் 4 ஜிபிக்கு மேல ஏறாது, உங்க மூணு மணி நேர வீடியோ 8 எம்பிபிஎஸ்ல, அதாவது வினாடிக்கு 8 மெகாபிட்ல, எடுத்திருந்தா 11 ஜிபி கிட்ட வரும். பென்டிரைவ எக்ஸ்ஃபேட்லயோ என்டிஎஃப்எஸ்லயோ ஃபார்மட் பண்ணி, உங்க டிவி எத எடுக்குதுன்னு பாத்துக்கிடுங்க. வெளிநாட்டுக்கு வாட்ஸ்அப்ல வீடியோவா அனுப்பாதீங்க, அது சுருக்கி எழுத்து ட்ராக்க தூக்கிப் போட்டுரும், கூகுள் டிரைவ்ல ஏத்தி லிங்க் குடுங்க. ஐபோன்ல கூடவே வர்ற ப்ளேயர் எம்கேவிய திறக்காது, விஎல்சி போட்டுக்கிடச் சொல்லுங்க. முழுக்காசு குடுக்கதுக்கு முன்னால பத்து நிமிஷத் துண்டு ஒண்ணு வாங்கிட்டு வந்து உங்க வீட்டு டிவிலயே போட்டுப் பாருங்க.

கேள்வி: தென்காசில இருந்து கேக்கேன். வீட்டுல பழைய டிவிடி இருக்கு, அதுல சப்டைட்டில் மாத்தி மாத்தி வரும். கடைல பென்டிரைவ்ல ஏத்தித் தந்தாங்க, எம்பிஃபோர்தான், எழுத்தே இல்ல. ஏமாத்திட்டாங்களா?

பதில்: ஏமாத்தல, தெரியாம விட்டிருப்பாங்க. டிவிடில 32 சப்டைட்டில் ட்ராக், 8 சத்த ட்ராக் வரைக்கும் வைக்கலாம், ஆனா அந்த சப்டைட்டில் எழுத்து இல்ல, குட்டிக் குட்டிப் படம். எம்பிஃபோர் ஆக்கும்போது அது விட்டுப்போகும், இல்லன்னா படத்துமேல பதிஞ்சிரும். டிவிடிய குடுத்து மேக்எம்கேவிங்க சாஃப்ட்வேர்ல எடுத்து எல்லா ட்ராக்கோடயும் எம்கேவியா குடுங்கன்னு கேளுங்க, மறுபடி கன்வர்ட் பண்ணாம அப்படியே எடுக்கும். டிவிடிய தூரப் போட்டுராதீங்க.

கேள்வி: எஸ்ஆர்டி ஆரம்பத்துல சரியா இருக்கு, போகப்போக தள்ளிப்போகுது. வேற ஃபார்மட் மாத்தணுமா அண்ணாச்சி? (வள்ளியூர்)

பதில்: ஃபார்மட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. உங்க வீடியோ வினாடிக்கு 25 ஃப்ரேம்ல ஓடும், சப்டைட்டில் 23.976 ஃப்ரேம் காப்பிக்கு எழுதினதா இருக்கும், ஒரு மணி நேரத்துல ரெண்டரை நிமிஷம் விலகிரும். சப்டைட்டில் எடிட்னு இலவச சாஃப்ட்வேர்ல ஃப்ரேம் ரேட்ட மாத்தி சேவ் பண்ணுங்க. முதல்ல இருந்து கடைசி வரை ஒரே அளவு தள்ளி இருந்தா மட்டும் கம்ப்யூட்டர்ல விஎல்சில ஜி, ஹெச் கீய அமுக்கி சரி பண்ணிக்கிடலாம்.

கேள்வி: பாளையங்கோட்டைல புது டிவி பாத்துட்டு இருக்கோம். எம்கேவி எடுக்கும்னு அட்டைல போட்டிருக்கு, நம்பி வாங்கலாமா?

பதில்: அட்டைய மட்டும் நம்பாதீங்க. எம்கேவி எடுக்கும்னா சட்டி திறக்கும்னுதான் அர்த்தம், உள்ள இருக்கது ஓடுமாங்கது வேற. சில டிவில டிடிஎஸ்ங்க வகை சத்தம் வராது, படம் மட்டும் ஊமையா ஓடும். ஒரு பென்டிரைவ்ல தமிழ், இங்கிலீஷ் ரெண்டு எழுத்து ட்ராக்கும் வச்ச எம்கேவி ஒண்ணு, ஒரு எம்பிஃபோரும் அதே பேர்ல அதோட எஸ்ஆர்டியும், 4 ஜிபிக்கு மேல உள்ள ஃபைல் ஒண்ணு எடுத்துக்கிட்டு கடைக்குப் போங்க. டிஸ்ப்ளேல நிக்குத டிவில குத்தச் சொல்லுங்க, நல்ல கடைக்காரங்க முகம் சுளிக்க மாட்டாங்க. தமிழ் வரில கொம்பு, புள்ளி எல்லாம் அதது இடத்துல வருதா, எழுத்தப் பெருசு பண்ண முடியுதா, ரிமோட்ல எத்தன அமுக்குல மொழி மாறுதுன்னு பாருங்க. வீட்டுல வயசானவங்க இருந்தா அவங்களையே கூட்டிட்டுப் போயி அந்த ரிமோட்ட அவங்க கைல குடுத்துப் பாருங்க.