உப்பு பூத்த சுவருக்கு என்ன பெயின்ட்?

காசிமேட்டில் எங்கள் வீடு. போன வருஷம் அடித்த பெயின்ட் முழங்கால் உயரத்துக்கு உரிந்து வெள்ளைத் தூளாகக் கொட்டுகிறது. ஜன்னல் கம்பியும் துருப்பிடிக்கிறது. என்ன செய்யலாம்?
– வாசகி, காசிமேடு

அந்தத் தூள், ஈரத்தோடு சுவரில் ஏறிய உப்பு. அதன் மேலேயே பட்டி பார்த்தால் எந்த பெயின்ட்டும் நிற்காது. குழாய்க் கசிவு இருந்தால் முதலில் அதை அடைத்துவிடுங்கள். கறைக்கு மேல் ஓர் அடி வரை பூச்சைக் கொத்தி எடுத்து, செங்கல்லை உலர்ந்த பிரஷ்ஷால் தேயுங்கள். தண்ணீர் ஊற்றினால் உப்பு கரைந்து மறுபடி உள்ளே போய்விடும். சிமென்ட் கலவையில் வாட்டர்புரூஃபிங் திரவம் கலந்து பூசி, 7 நாள் தண்ணீர் தெளித்து, 3 வாரம் காயவிடுங்கள். அவசரப்படுத்தும் பெயின்டருக்கு இதில் மட்டும் இணங்க வேண்டாம். பிறகு ஒரு கோட் பிரைமர், இரண்டு கோட் எமல்ஷன். மழை ஈரம் காய்ந்த பின், பிப்ரவரிக்கு மேல் வேலையைத் தொடங்குவது நல்லது.

கம்பியை நல்ல தண்ணீரில் கழுவிக் காயவைத்து, உப்புத்தாள் போட்டு, அன்றைக்கே ரெட் ஆக்சைடு அடித்துவிடுங்கள். கடல் காற்றில் ஒரு ராத்திரி விட்டாலே மறுபடி துரு ஏறும்.