டிரம்ஸ் வீடியோ எதைப் பாக்கறது?

கேள்வி: மும்பை மாட்டுங்கால இருக்கேன் சார், டிரம்ஸ் கத்துக்கறேன், கை வேகமே வரல. யூடியூப்ல வீடியோ கொட்டிக் கெடக்கு, எதைப் பாக்கலாம்?

பதில்: மொதல்ல அந்த சோலோ வீடியோவெல்லாம் மூடுங்க, அது ரசிக்கத்தான். வாசிக்கறவர் மூஞ்சியவே காட்டுற வீடியோ வேணாம், மணிக்கட்டும் விரலும் கிட்டத்துல தெரியணும், மெட்ரோனோம (தாளம் தட்டுற கருவி) நிமிஷத்துக்கு 60 தட்டுல வெச்சு மெதுவா வாசிக்கணும், குச்சி எப்படித் துள்ளித் திரும்புதுன்னு சொல்லணும். பெர்கஸிவ் ஆர்ட்ஸ் சொசைட்டிங்கற தாள வாத்தியக்காரங்க சங்கத்தோட பட்டியல்ல 40 ரூடிமென்ட் (அடிப்படை அடி முறை) இருக்கு, இப்போதைக்கு சிங்கிள் ஸ்ட்ரோக் (வல-இட-வல-இட), டபுள் ஸ்ட்ரோக் (வல-வல-இட-இட), பாராடிடில் (வல-இட-வல-வல, இட-வல-இட-இட) இந்த மூணு போதும். மூணுக்கும் ஒரே ஆளோட வீடியோவா பாருங்க, குச்சி பிடிக்கறதுல ஆளுக்கு ஒண்ணு சொல்லி குழப்பிடுவாங்க. ஃப்ளாட்ல பக்கத்து வீட்டு ஆன்ட்டி கதவைத் தட்டாம இருக்க டிரம்முக்குப் பதிலா அடிச்சுப் பழகற ரப்பர் பேட் வாங்கிக்குங்க, ஆனா ரப்பர்ல துள்ளல் ஜாஸ்தி, கைக்கு வேலை கம்மி, அதனால அப்பப்ப தலையணை மேலயும் அடிங்க.