டிஸ்லெக்சியா உள்ள மாணவர்களின் வாசிப்பையும் எழுத்தையும் மேம்படுத்துவது எப்படி?

கேள்வி: நான் நான்காம் வகுப்பு ஆசிரியர். என் மாணவர்களில் இருவருக்கு டிஸ்லெக்சியா, அதாவது எழுதப் படிக்கத் திணறவைக்கும் கற்றல் குறைபாடு, இருப்பது உறுதியாகியிருக்கிறது. பேச்சில் கெட்டிக்காரர்கள், ஆனால் புத்தகத்தைத் திறந்தால் திணறுகிறார்கள். பிழையாக எழுதிய சொற்களைப் பத்து முறை எழுதச் சொல்லிப் பார்த்தேன், பலனில்லை. வேறு என்ன செய்யலாம்?

பதில்: அந்தப் பத்து முறையை இன்றே நிறுத்திவிடுங்கள். மூன்றாவது வரியிலேயே பிழை திரும்ப வந்துவிடும். மிச்ச வரிகளெல்லாம் பிழைக்குத் தரும் பயிற்சிதான்.

இத்தகைய குழந்தைகளுக்கு எழுதப் படிக்கச் சொல்லித்தருவதுதான் என் வேலை. பெற்றோரிடமும் ஆசிரியர்களிடமும் நான் முதலில் சொல்வது, சிக்கல் பெரும்பாலும் கண்ணில் இல்லை, ஒலியில் இருக்கிறது என்பதைத்தான். கேட்ட சொல்லைச் சிறு ஒலிகளாகப் பிரிப்பதும், அவற்றை எழுத்தோடு பொருத்துவதும் இவர்களுக்குக் கடினம். வண்ணக் கண்ணாடி, கண் பயிற்சி என்று விற்க வருபவர்களை நம்ப வேண்டாம். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமும் கண் மருத்துவர் அமைப்புகளும் 2009இல் கூட்டாக வெளியிட்ட அறிக்கையிலேயே அவற்றுக்குச் சான்றில்லை என்று சொல்லிவிட்டன.

எனவே புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் காதிலிருந்து தொடங்குங்கள். 'பட்டம்' என்று சொல்லி, முதல் ஒலியை மாற்றச் சொல்லுங்கள்: கட்டம், சட்டம், வட்டம். அது கைவந்ததும் 'க' என்பதை 'க்', 'அ' என்று உடைக்கச் சொல்லுங்கள். இந்தப் பிரிப்பு புரியாத குழந்தைக்கு உயிர்மெய் அட்டவணை வெறும் கோலம். 247 எழுத்துகளையும் தனித்தனிப் படங்களாக மனப்பாடம் செய்யச் சொல்வது கொடுமை. 12 உயிர், 18 மெய், அவற்றைச் சேர்க்கும் சில குறிகள் என்று கண்டுகொண்டால் சுமை பாதிக்கு மேல் இறங்கிவிடும். உகர, ஊகார வரிசைகள் மட்டும் அடம்பிடிக்கும். கு, சு, து ஒவ்வொன்றும் ஒரு விதம். அவற்றைக் கடைசிக்கு ஒதுக்குங்கள்.

பெரிய முட்டுக்கட்டை கொம்புதான். 'கொடி' என்று எழுதும்போது கொம்பு முன்னால் நிற்கிறது, ஆனால் ஒலி 'க்' என்றுதான் தொடங்குகிறது. அதன்பிறகும் வலப்பக்கம் கால் இருக்கிறதா என்று பார்த்தால்தான் அது 'கெ'யா 'கொ'வா என்பது தெரியும். இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகக் கூட்டிப் படிக்கும் குழந்தை இங்கே தடுக்கி விழுவதில் வியப்பில்லை. கொம்பு, க, கால் மூன்றையும் தனி அட்டைகளில் எழுதி, சேர்த்துப் பிரித்து, மூன்றும் சேர்ந்து 'கொ' என்ற ஒரே எழுத்து என்பதைக் கையால் உணரவிடுங்கள். பார்த்து, வாயால் சொல்லி, விரலால் எழுதி, மூன்றையும் ஒன்றாகச் செய்ய வேண்டும். 1930களில் அமெரிக்க நரம்பியல் மருத்துவர் சாமுவேல் ஆர்ட்டனும் கல்வியாளர் அன்னா கில்லிங்காமும் இத்தகைய குழந்தைகளுக்காக உருவாக்கிய முறையின் அடிப்படையும் இதுவே.

கப்பல், தங்கம், பகல் என்ற மூன்றிலும் 'க' ஒரே மாதிரி ஒலிப்பதில்லை என்பதையும் வெளிப்படையாகச் சொல்லித்தாருங்கள். மற்ற குழந்தைகள் தாமாகப் பிடித்துக்கொள்வார்கள், இவர்களுக்கு யாராவது சொல்ல வேண்டும். ல, ள, ழ மூன்றையும் ஒரே நாளில் வரிசையாக நிறுத்தாதீர்கள். ஒன்று ஊன்றிய பிறகே அடுத்தது.

வாசிப்புக்கு, ஒரு சிறு பத்தியை முதலில் நீங்கள் வாசியுங்கள், பிறகு இருவரும் சேர்ந்து, பிறகு குழந்தை தனியாக. அதே பத்தியைச் சில நாட்கள் தொடரலாம். புதுப்பாடத்தை வகுப்பின் முன் திடீரென்று உரக்கப் படிக்கச் சொல்வது மட்டும் வேண்டாம். எழுத்துகளுக்கு இடையே இடைவெளியைக் கூட்டி அச்சிட்டுக் கொடுத்தும் பாருங்கள். இத்தாலிய, பிரெஞ்சுக் குழந்தைகளிடம் நடத்தி 2012இல் வெளியான ஆய்வில் அது உதவியது.

படிக்க வரவில்லை என்பதற்காகப் பெரிய கதைகளை மறுத்துவிடாதீர்கள். வாசித்துக் காட்டுங்கள், ஒலிப்புத்தகம் கொடுங்கள். 1896இல் பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கிலேய மருத்துவர் படிக்க இயலாத 14 வயதுச் சிறுவனைப் பற்றி எழுதினார். பாடமெல்லாம் வாய்மொழியாக இருந்தால் பள்ளியிலேயே இவன்தான் முதல் என்று அவனுடைய ஆசிரியர் சொன்னாராம். உங்கள் மாணவர்கள் இருவரும் அந்த வகைதான் போலிருக்கிறது.

கட்டுரை எழுதும்போதும் இதையே கைக்கொள்ளலாம். முதலில் வாயால் சொல்லட்டும், கைபேசியில் பதிவு செய்யுங்கள், பிறகு அதைக் கேட்டுக்கொண்டே எழுதட்டும். கருத்துக்குத் தனி மதிப்பெண், எழுத்துக்குத் தனி மதிப்பெண். சிவப்பு மை, அதுவரை நீங்கள் சொல்லித்தந்த எழுத்துகளில் வரும் பிழைகளுக்கு மட்டும் போதும்.