மகள் கருத்துக்கணிப்பு வேலைக்குப் போகிறேன் என்கிறாளா?

கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து ஓர் அம்மா எழுதியிருந்தார். மகள் பி.எஸ்சி. புள்ளியியல் கடைசி ஆண்டு. தேர்தல் நேரத்தில் ஒரு சர்வே நிறுவனத்துக்காகச் சில நாள் வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்டுவிட்டு வந்தவள், "இனிமே இதுதான் என் வேலை" என்று நிற்கிறாளாம். பி.எட். படிக்கவைத்து டீச்சர் ஆக்கலாம் என்று நினைத்திருந்த வீட்டில் தினமும் சண்டை. "கட்சிக்காரன் பின்னாடி சுத்துற வேலை பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு?" என்று தாய்மாமன் ஒரு பக்கம். "அஞ்சு வருஷத்துக்கு ஒருமுறை வர்ற தேர்தலை நம்பி எப்படி சார் பிழைக்கிறது?" என்று அம்மா ஒரு பக்கம்.

அம்மா, உங்கள் கேள்வி நியாயமான கேள்வி. தாய்மாமன் கேள்விக்குப் பதிலைப் பிற்பாடு சொல்கிறேன்.

தேர்தலை மட்டும் நம்பிப் பிழைப்பது கஷ்டம்தான். தேர்தல் வேலை மட்டுமே செய்யும் நிறுவனங்கள் சீசனுக்கு ஆள் எடுக்கும், வாக்கு எண்ணிக்கை முடிந்ததும் கூட்டத்தைக் குறைக்கும். ஆனால் உங்கள் மகள் அந்தச் சில நாளில் தொட்டுப் பார்த்தது தேர்தலை அல்ல, சிலரைக் கேட்டு மொத்தப் பேரைப் பற்றிக் கணிக்கும் மாதிரிக் கணக்கெடுப்பு என்ற தொழிலை. அதற்கு வருஷம் முழுக்க வேலை உண்டு. 1950இல் புள்ளியியல் மேதை மகலனோபிஸ் வழிகாட்டுதலில் தொடங்கிய தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு இன்றும் நடக்கிறது. நாட்டில் வேலையின்மை எவ்வளவு, ஒரு குடும்பம் மாதம் என்ன செலவழிக்கிறது என்று செய்தித்தாளில் படிக்கிறோமே, அதெல்லாம் யாரோ ஒருவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டு எழுதியதுதான். எத்தனை குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட்டிருக்கிறார்கள், எத்தனை பெண்களுக்கு ரத்தசோகை என்று சொல்லும் தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பு 1992-93இல் தொடங்கியது. மும்பையில் இருக்கும் மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் அதை நடத்துகிறது. சோப்பு கம்பெனிக்கும் டிவி சேனலுக்கும் சர்வே எடுத்துக் கொடுக்கும் சந்தை ஆய்வு நிறுவனங்கள் தனி. யாருக்கு ஓட்டு என்று கேட்பதற்கும் எந்த ஷாம்பு என்று கேட்பதற்கும் அடிப்படைக் கணக்கு ஒன்றுதான்.

அதனால் என் பதில் இது: போகட்டும், ஆனால் டிகிரி முடித்த கையோடு போக வேண்டாம். முதலில் எம்.எஸ்சி. புள்ளியியல். ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், இந்தத் தொழிலில் பெயர் கெடுவது கணக்குத் தெரியாததால்தான்.

வழக்கமாக எல்லாரும் கேட்பது, "லட்சக்கணக்கான பேர் ஓட்டுப் போடுற இடத்துல ஆயிரம் பேரைக் கேட்டா என்ன தெரியும்?" என்பது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நாமே சொல்கிறோம். சிக்கல் என்னவென்றால் கடலூர் மாவட்டம் ஒரே பானை கிடையாது. நெய்வேலி டவுன்ஷிப் வேறு, பண்ருட்டி முந்திரிக்காடு வேறு, தேவனாம்பட்டினம் வேறு, திட்டக்குடி முற்றிலும் வேறு. எல்லா இடத்திலிருந்தும் குருட்டாம்போக்கில் இல்லாமல், குலுக்கல் முறையில் ஆயிரம் பேரை எடுத்தால் விடை மூன்று சதவீதம் இப்படி அப்படி இருக்கும். தொகுதியில் இரண்டு லட்சம் பேர் இருந்தாலும் சரி, நாட்டில் பல கோடிப் பேர் இருந்தாலும் சரி, அதே மூன்று சதவீதம்தான். அதைப் பாதியாக்க வேண்டுமானால் ஆயிரத்தை நாலாயிரம் ஆக்க வேண்டும். செலவும் ஏறக்குறைய நாலு மடங்கு.

ஆள் கூடினால் மட்டும் போதாது என்பதற்கு 1936 அமெரிக்க அதிபர் தேர்தலைச் சொல்வார்கள். ஒரு பத்திரிகை ஒரு கோடிப் பேருக்கு அட்டை அனுப்பி, இருபது லட்சத்துக்கும் மேல் பதில் வாங்கி, ரூஸ்வெல்ட் தோற்பார் என்று எழுதியது. அவர் 48 மாநிலங்களில் 46ஐ வென்றார். பத்திரிகையின் முகவரிப் பட்டியலில் கார் வைத்திருந்தவர்களும் டெலிபோன் வைத்திருந்தவர்களும்தான், அதாவது அந்தக் காலத்து வசதிக்காரர்கள்தான் அதிகம். பதில் போடச் சிரமம் எடுத்துக்கொண்டவர்களும் ஒரு குறிப்பிட்ட வகை ஆட்கள்தான். அதைவிட மிகக் குறைந்த பேரைக் கேட்ட ஜார்ஜ் காலப் என்ற கணிப்பாளர் சரியாகச் சொன்னார்.

நம்மூரில் இதைப் பார்க்க வேண்டுமானால் ஞாயிற்றுக்கிழமை புதுச்சேரி காந்தி வீதி சண்டே மார்க்கெட்டுக்குப் போங்கள். கையில் மைக்கோடு ஒருவர் நின்று, வருகிறவர் போகிறவரையெல்லாம் "அடுத்த முதல்வர் யாரு?" என்று கேட்டுக்கொண்டிருப்பார். அங்கே பனியன் பேரம் பேசுகிறவர்களில் பாதிப் பேர் கடலூர்க்காரர்கள், விழுப்புரத்துக்காரர்கள், வெளியூரிலிருந்து சுற்றிப் பார்க்க வந்தவர்கள். புதுச்சேரியில் ஓட்டே இல்லாதவர்கள். சாயங்காலம் அது "மக்கள் தீர்ப்பு" என்று யூடியூப்பில் வந்துவிடும். ஐந்நூறு பேர் என்ன, ஐயாயிரம் பேரைக் கேட்டாலும் அது வேடிக்கைதான்.

புதுச்சேரி கணிப்பாளருக்கு ஒரு கஷ்டமான இடம் என்று எப்போதும் மாணவர்களிடம் சொல்வேன். முப்பது தொகுதி. புதுச்சேரியில் 23, காரைக்காலில் 5, மாகேயில் ஒன்று, யானத்தில் ஒன்று. மாகேயில் மலையாளம், யானத்தில் தெலுங்கு. மொத்தமாக ஆயிரம் பேரைக் கேட்டால் தொகுதிக்கு முப்பத்து மூன்று பேர்தான் வருவார்கள். மாநில அளவில் காற்று எந்தப் பக்கம் என்று சொல்லலாம், தொகுதிவாரியாகச் சொல்லவே முடியாது. தொகுதிகள் சின்னவை, வேட்பாளரின் முகத்துக்கும் சொந்த பந்தத்துக்கும் விழும் ஓட்டு அதிகம். 2021இல் முப்பதில் ஆறு இடங்களைச் சுயேச்சைகள் பிடித்தார்கள். யானத்தில் ரங்கசாமியே ஒரு சுயேச்சையிடம் தோற்றார், தட்டாஞ்சாவடியில் ஜெயித்ததால் முதல்வரானார். "எந்தக் கட்சிக்கு ஓட்டு?" என்று மட்டும் கேட்டுக்கொண்டு போனவருக்கு இதெல்லாம் பிடிபட்டிருக்காது.

இந்தப் பக்கம் நம்ம மாவட்டத்தில் 2016இல் காட்டுமன்னார்கோயிலில் திருமாவளவன் தோற்றது 87 வாக்கில். மூன்று சதவீதம் முன்னே பின்னே ஆகும் ஒரு கருவியால் 87 ஓட்டைப் பார்க்க முடியாது. பார்த்தேன் என்று சொல்கிறவர் கதை விடுகிறார்.

கணிப்பு தப்பாமலா இருக்கிறது? தப்புகிறது. 2004இல் தேசிய ஜனநாயகக் கூட்டணிதான் திரும்ப வரும் என்றார்கள், காங்கிரஸ் கூட்டணி ஆட்சி அமைத்தது. 2024இல் பல எக்சிட் போல்கள் அதே தேசிய ஜனநாயகக் கூட்டணிக்கு 350க்கு மேல் கொடுத்தன, வந்தது 293. ஒரு நிறுவனத்தின் தலைவர் டிவி நேரலையிலேயே அழுதுவிட்டார். ஓட்டுச் சதவீதத்தை ஓரளவு சரியாகப் பிடித்தாலும் அதை இடங்களாக மாற்றும்போது இடறுகிறது. பலமுனைப் போட்டியில் இரண்டு சதவீதம் நகர்ந்தால் பத்துப் பதினைந்து தொகுதி கைமாறும். அதோடு, கேட்டவரிடம் உண்மையைச் சொல்ல ஜனங்களுக்கு என்ன கட்டாயம்? வீட்டுக் கதவைத் தட்டுகிறவர் எந்தக் கட்சி ஆளோ என்ற சந்தேகத்தில், ஆளுங்கட்சி பேரைச் சொல்லி அனுப்பிவிடுகிறவர்கள் நிறைய. இதற்காகவே டெல்லி சி.எஸ்.டி.எஸ். ஆய்வு நிறுவனத்தின் லோக்நீதி குழு, ஓட்டுச் சீட்டு போலவே ஒரு தாளும் ஒரு பெட்டியும் கொண்டுபோகும். வாக்காளர் தானே முத்திரை குத்தி மடித்துப் போடலாம், கேட்பவருக்குத் தெரியாது. இந்த மாதிரி நுணுக்கங்களில் உங்கள் மகளுக்கு ஆசை இருக்கிறதா என்று கேளுங்கள். டிவியில் வந்து உட்கார வேண்டும் என்பது மட்டும்தான் ஆசை என்றால், ஒரு வருஷத்தில் சலித்துவிடும்.

கேள்வி எழுதுவது தனிக் கலை. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்து புதுச்சேரியும் கடலூரும் தண்ணீரில் நின்றதே, அப்படி ஒரு நேரத்தில் முதல் கேள்வியாக "நிவாரணம் வந்ததா?" என்று கேட்டுவிட்டு இரண்டாவதாக "அரசு எப்படிச் செயல்படுகிறது?" என்று கேட்டால் கோபம்தான் பதிலாக வரும். வரிசையைத் திருப்பினால் அதே ஆள் கொஞ்சம் தாராளமாக மதிப்பெண் போடுவார். காசு கொடுத்து சர்வே எடுக்கிறவருக்கு இந்த வித்தை நன்றாகவே தெரியும்.

சரி, தாய்மாமனுக்கு வருவோம். அவர் பயத்தில் பாதி உண்மை. வெயிலில் நடக்கும் வேலை, நாய் துரத்தும், "நீ யாரு ஆளு?" என்று தெருமுனையில் நாலு பேர் மறிப்பார்கள். ஆனால் இந்த வேலையில் பெண்களுக்குத் தேவை அதிகம். வீட்டில் இருக்கும் பெண்கள் ஓர் ஆண் கேட்டால் "அவர்கிட்ட கேளுங்க" என்று உள்ளே போய்விடுவார்கள். மருமகளைக் கேட்டால் மாமியார் பதில் சொல்லும் வீட்டில், இன்னொரு பெண்தான் பக்குவமாகப் பேசி மருமகளைத் தனியாகக் கேட்க முடியும். ஒழுங்கான நிறுவனம் இரண்டிரண்டு பேராக அனுப்பும், அடையாள அட்டை கொடுக்கும், இருட்டுவதற்குள் முடித்துவிடும். அப்படிச் செய்யாத இடத்துக்கு அனுப்பாதீர்கள், அவ்வளவுதான். தெருவில் நடப்பது காலம் பூராவும் அல்ல. படிப்பு இருந்தால் இரண்டு மூன்று வருஷத்தில் மேற்பார்வை, அப்புறம் ஆய்வு என்று உள்ளே வந்துவிடலாம். படிப்பு இல்லாதவர்கள்தான் தினக்கூலிக்கு டேப்லெட்டைத் தூக்கிக்கொண்டே இருக்கிறார்கள்.

சேரும் முன் அவள் நிறுவனத்தைக் கேட்க வேண்டியவை உண்டு. பேர்களை எப்படித் தேர்ந்தெடுக்கிறீர்கள், வாக்காளர் பட்டியலிலிருந்தா, கண்ணில் பட்டவரையா? சர்வேக்குப் பணம் கொடுப்பது யார்? நிரப்பிய படிவங்களில் சிலவற்றைத் திரும்பப் போன் செய்து சரிபார்க்கிறீர்களா? டீக்கடையில் உட்கார்ந்து இருபது படிவத்தை நிரப்பிவிட்டு வருகிறவர்கள் இந்தத் தொழிலின் சாபம். அதைப் பிடிக்க ஏற்பாடு இல்லாத இடத்தில் என்ன கற்றுக்கொள்ளப் போகிறாள்? சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். தேர்தல் ஆணையம் அறிவிக்கும் காலம் முடியும்வரை எக்சிட் போல் முடிவை வெளியிடக்கூடாது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 126ஏ பிரிவில் இரண்டு வருஷம் வரை சிறை உண்டு. தோழிகள் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு வரி போட்டுவிட்டால்கூட வம்பு.

படிப்புக்கு வெகுதூரம் அலைய வேண்டாம். காலாப்பட்டில் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. புள்ளியியல் இருக்கிறது, பக்கத்திலேயே அரசியல் துறையும் இருக்கிறது. சேர்க்கை சி.யு.இ.டி. முதுகலை நுழைவுத்தேர்வு வழியாக. சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் புள்ளியியல் துறை உண்டு. வெளியூர் அனுப்பச் சம்மதமானால், முன்பு சொன்ன மும்பை மக்கள்தொகை அறிவியல் நிறுவனத்தில் உயிர்ப்புள்ளியியலும் மக்கள்தொகையியலும் சேர்ந்த எம்.எஸ்சி. கணக்கெடுப்புத் தொழிலுக்கு அதைவிடப் பொருத்தமான படிப்பு நாட்டில் குறைவு. படிக்கும்போதே புள்ளிவிவரக் கணக்குக்கான ‘ஆர்’ (R) என்ற மென்பொருளைக் கற்றுக்கொள்ளட்டும், அது இலவசம்.

அரசு வேலை என்ற உங்கள் ஆசையும் இதில் அடங்கும் அம்மா. இளங்கலையில் புள்ளியியல் படித்ததாலேயே மத்திய அரசு வேலைக்கான எஸ்.எஸ்.சி. சி.ஜி.எல். தேர்வில் இளநிலைப் புள்ளியியல் அலுவலர் பணிக்கு அவள் தகுதி. தொடக்க அடிப்படைச் சம்பளம் 35,400. யு.பி.எஸ்.சி. நடத்தும் இந்தியப் புள்ளியியல் பணித் தேர்வுக்கும் உட்காரலாம். அது கடினம், இரண்டு வருஷம் வைத்துப் படிக்க வேண்டும். டி.என்.பி.எஸ்.சி. வழியாகவும் புள்ளியியல் சார்நிலைப் பணிகள் உண்டு. பி.எட். எப்போது வேண்டுமானாலும் படிக்கலாம், இந்தத் தேர்வுகளுக்கு வயது வரம்பு உண்டு.

இப்போதைக்கு அவளுக்கு ஒரு வேலை கொடுங்கள். உங்கள் வாக்குச்சாவடியின் வாக்காளர் பட்டியலைத் தேர்தல் ஆணைய இணையதளத்தில் எடுத்து, ஐம்பது பெயருக்கு ஒருவர் என்று இருபது பேரைக் குறித்துக்கொள்ளட்டும். ஓட்டைப் பற்றி வேண்டாம், குடிதண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது என்று கேட்கட்டும். ஆள் இல்லாத வீட்டுக்குப் பக்கத்து வீட்டைக் கேட்கக்கூடாது, திரும்பத்தான் போக வேண்டும். இருபதில் எத்தனை பேரைப் பிடித்தாள், பிடிபடாதவர்கள் யார் யார் என்று எழுதிக்கொண்டு வந்தால், அதை வைத்து மேற்கொண்டு பேசலாம்.

இன்னொன்று. புதுச்சேரிப் பல்கலைக்கழகம் போன்ற மத்தியப் பல்கலைக்கழகத்தில் இடஒதுக்கீடு கேட்பதற்கு நம் மாநில பி.சி., எம்.பி.சி. சான்றிதழ் செல்லாது. மத்திய அரசுப் படிவத்தில் ஓ.பி.சி. சான்றிதழ் தனியாக வாங்க வேண்டும். அதைக் கடைசி வாரத்தில் தாலுகா ஆபீஸில் போய் நின்றால் கிடைக்காது. நுழைவுத்தேர்வுக்கு விண்ணப்பிப்பதற்கு முன்பே இ-சேவை மையத்தில் பதிந்துவிடுங்கள்.